ஃபரீத் பாயின் ஊதா வானம்

ஊட்டி மெயின் பஜாரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் ஃபரீத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. கடையின் முன்பாதியில் கண்ணாடியும் மரச்சட்டங்களும். பின்பாதியில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெரிய பிரிண்டர், எட்டு ஸ்டூல். கல்யாணப் படமானாலும் மக்கா படமானாலும் முருகன் படமானாலும் ஒரே கவனத்தோடு சட்டம் போடுகிற மனிதர். வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆனால் சூரியன் மறைகிற படம் ஒன்றை அவர் கண்ணில் காட்டிவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார்.

அதற்கென்றே ஒரு கூட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, அந்த எட்டு ஸ்டூல்களில். அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருக்கும் செலஸ்டின், குன்னூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் பாலகுமார், இன்னும் ஐந்தாறு பேர். எல்லோருக்கும் கேமரா பைத்தியம். வாரம் ஒருவர் தான் எடுத்த படத்தைத் திரையில் போட வேண்டும், மற்றவர்கள் அதை அலசுவார்கள்.

இந்த அலசலுக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. முதலாவது ஃபரீத் போட்டது. டீ வந்ததும் முதல் கிளாஸ் படம் எடுத்தவர் கைக்குப் போகும். அந்தக் கிளாஸ் காலியாகும் வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது. ஏனென்றால் வாயைத் திறந்தால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: மழை வந்துவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, பேட்டரி தீர்ந்துவிட்டது. படம் பேச வேண்டிய இடத்தில் ஆள் பேசினால் ஃபரீத்துக்குப் பிடிக்காது. இரண்டாவது சட்டம் செலஸ்டின் போட்டது. குறை சொல்வதற்கு முன்னால் நல்லதாக ஒன்று சொல்லியாக வேண்டும். ஃபரீத்தின் வாய்க்குப் பயந்து இரண்டு பேர் கூட்டத்தை விட்டே ஓடிய பிறகு வந்த சட்டம் அது.

அவர் வாய் அப்படிப்பட்டது. சாயங்கால வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு வானமும் தெரியும், கீழே இருக்கும் தேயிலையும் தெரியும். கேமராவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வானம் சரியாக விழுந்தால் மலை கறுத்துப் போகும், மலை சரியாக விழுந்தால் வானம் வெளுத்துப் போகும். அதனால் முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒரே காட்சியை இருட்டாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, வெளிச்சமாக ஒன்று என்று மூன்று முறை எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றாகக் கலப்பார்கள். எச்.டி.ஆர் என்று அதற்குப் பெயர். கலக்கிற வரைக்கும் எல்லோரும் நல்லவர்கள்தான். கலந்த பிறகு நிறத்தைக் கூட்டுவதற்கும் இருண்ட நிழலை வெளிச்சமாகத் தூக்குவதற்கும் திரையில் தள்ளித் தள்ளி நகர்த்துகிற சில பொத்தான்கள் இருக்கின்றனவே, அவற்றின் மேல் கை பட்டதும்தான் புத்தி கெட்டுப் போகிறது.

"ஏனுங்க, இந்தத் தேயிலைக்கு உள்ளார யாரு பல்பு போட்டது?" என்று தொடங்குவார் ஃபரீத். மலைமுகட்டை ஒட்டி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால், மலைக்கு எதற்கு ஜரிகை பார்டர் என்று கேட்பார். சூரியன் எதிரே இருக்கும்போது செடியின் இந்தப் பக்கம் எப்படிப் பளபளக்கிறது, இன்னொரு சூரியனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று விசாரிப்பார். சம்பந்தப்பட்டவர் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு முழி பிதுங்க உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். ஆனால் அடுத்த வாரம் அதே ஆள் திருத்திக் கொண்டுவரும் படம் நிஜமாகவே நன்றாக இருக்கும். அதனால்தான் திட்டு வாங்கவும் கூட்டம் சேர்ந்தது.

இப்படி ஊரையே கிழிக்கிற மனிதருக்கு ஒரு ரகசியம் இருந்தது. அது ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட ரகசியம். கோத்தகிரியில், ராஜகுமாரி காட்டேஜ் என்ற தங்கும் விடுதியின் வரவேற்பறையில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், படம் கலக்கும் மென்பொருளை முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிய வாரத்தில், கீழ் கோத்தகிரி எஸ்டேட் பக்கம் போய் ஃபரீத் ஒரு அஸ்தமனம் எடுத்தார். எடுத்தது நன்றாகத்தான் எடுத்தார். அப்புறம் உட்கார்ந்து பொத்தான் பொத்தானாகத் தள்ளினார். எல்லாவற்றையும் கடைசி வரைக்கும் தள்ளினார். வானம் ஊதாவாகிவிட்டது. தேயிலை கிளிப்பச்சையில் எரிந்தது. முகட்டில் இரண்டு விரல் அகலத்துக்கு ஜரிகை. அவருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். பெரிதாக அச்சடித்து, அப்போது அந்த விடுதியை நடத்திவந்தவருக்குத் திறப்பு விழா அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். கொடுத்த அவசரத்தில் பெயர் எழுத மறந்தார். அவர் வாழ்க்கையிலேயே மிக நல்ல மறதி அதுதான்.

விடுதி கைமாறி ராஜகுமாரி என்ற அம்மாளிடம் வந்தது. படமும் கட்டிடத்தோடு சேர்ந்து வந்தது. யார் எடுத்தது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஜீவன் ஃபரீத்தின் மனைவி ஷமாதான். வீட்டில் அவர் ரொம்ப அலட்டிக்கொள்ளும் நாட்களில், "கத்திரிக்காய் வானம்" என்று ஷமா இரண்டே வார்த்தை சொல்வாள். மனிதர் கப்சிப் ஆகிவிடுவார்.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செலஸ்டின் எழுந்து நின்று ஒரு நல்ல செய்தி சொன்னார். கூட்டம் தொடங்கிப் பத்து வருஷம் ஆகப்போகிறது. அதைக் கடைக்குள்ளேயே முடங்கிக் கொண்டாடக் கூடாது. தன்னுடைய பஸ் ரூட்டில் இருக்கும் ஒரு விடுதியில் போனிலேயே பேசி வைத்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து எல்லோரும் கோத்தகிரிக்கு, ராஜகுமாரி காட்டேஜுக்கு.

எல்லோரும் கைதட்டினார்கள். ஃபரீத்தும் தட்டினார், ஆனால் முகத்தில் ஈயாடவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய ஹார்டு டிஸ்க்கைத் தேடி எடுத்தார். நல்ல வேளை, அந்த மூன்று மூலப்படங்களும் அப்படியே இருந்தன. இருட்டுப் படத்தைத் திறந்ததும் அவருக்கு மனம் விட்டுப் போயிற்று. எவ்வளவு அழகான வானம் அது. மேகத்தின் அடிவயிற்றில் மட்டும் செம்மை, மேலே போகப் போகச் சாம்பல், அதற்கும் மேலே மங்கிய நீலம். ஒரு துளி ஊதா கிடையாது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு இதன் மேல் கத்திரிக்காயை அரைத்துப் பூசியிருக்கிறோமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

நான்கு நாள் உட்கார்ந்து மறுபடி கலந்தார். வானத்தை வானமாக விட்டார். ஜரிகையை உருவி எறிந்தார். தேயிலைச் சரிவை இருட்டில் அமிழ விட்டார், சூரியன் அந்தப் பக்கம் போன பிறகு மலை கறுக்கத்தானே வேண்டும். இடதுபக்கக் கீழ்மூலையில், பாதையோரம், கருகிய அடிமரம் மாதிரி ஏதோ ஒன்று பழைய படத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். அதுவும் இருட்டில் போயிற்று. ஒழிந்தது சனியன் என்று நிம்மதியானார். ஷமா வந்து பார்த்தாள். இப்போதுதான் சாயங்காலம் மாதிரி இருக்கிறது என்றாள். அவள் வாயிலிருந்து இவ்வளவு வருவது பெரிய விஷயம்.

அவர் போட்ட திட்டம் எளிமையானது. கூட்டம் வருவதற்கு முன்னால், காதும் காதும் வைத்தாற்போல் படத்தை மாற்றிவிட வேண்டும். அச்சடித்து, சட்டம் போட்டு, தெரிந்தவர் வேனில் ஏற்றிக்கொண்டு ஒரு புதன்கிழமை காலையில் கோத்தகிரிக்குப் போய் இறங்கினார். எங்கள் கூட்டத்தின் அன்பளிப்பு என்றார். ராஜகுமாரி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய படத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்காமல் எந்தக் குடும்பமும் போனதில்லை என்றார். ஃபரீத் புதிய படத்தைப் பிரித்துப் பழைய படத்துக்குக் கீழே சாய்த்து வைத்தார். அந்த அம்மாள் மேலும் கீழும் மாறி மாறிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க மேலே இருப்பது கண்ணைக் குத்துகிறது என்று அவரே ஒத்துக்கொண்டார். ஃபரீத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்டூலில் ஏறிப் பழையதைக் கழற்றிச் சுவரோரம் இறக்கி வைத்தார், புதியதை மாட்டினார்.

அப்போது அறைகளைப் பெருக்கித் துடைக்கும் பொன்னாயி வாளியோடு உள்ளே வந்தார். எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற பிறகு இந்த விடுதியில் வேலைக்குச் சேர்ந்தவர். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் புதிய படத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். கீழ்மூலையில் விரலால் தடவிப் பார்த்தார்.

"ஐயா, இதுல நான் எங்கங்க?" என்றார்.

ஃபரீத்துக்குப் புரியவில்லை. பொன்னாயி சுவரோரம் இருந்த பழைய படத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இடது மூலையில் அந்த அடிமரத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நாந்தானுங்க. வெறகுக் கட்ட எறக்கி வச்சிட்டு நிக்கிறேன். தொப்பி போட்ட ஒருத்தரு, மூணு காலு வச்ச பொட்டியோட மேட்டுல நின்னாரு. போட்டோ புடிக்கையில ஆடக் கூடாதில்லீங்களா, அதான் ஆடாம நின்னேன்."

ஃபரீத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பன்னிரண்டு வருஷமாக அடிமரம் என்று நினைத்த இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பில். காலடியில் விறகுக் கட்டு. முகம் நேராக அவரைப் பார்த்தபடி.

பொன்னாயி சொன்னதை ராஜகுமாரியும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். எட்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர் பொன்னாயி. பாஸ்போர்ட்டுக்காகக் குடும்பம் முழுவதையும் நிற்க வைத்துப் படம் எடுத்தபோது, ஆடினால் படம் கெட்டுவிடும், படம் கெட்டால் கப்பலில் ஏற்ற மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தப் பயம் அப்படியே தங்கிவிட்டது. கேமராவைக் கண்டால் இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். அன்று மேட்டில் தொப்பிக்காரர் மூன்று முறை எடுத்து முடிக்கும் வரை அப்படித்தான் நின்றார். நடந்துகொண்டிருந்தால் மூன்று படத்திலும் மூன்று இடத்தில் விழுந்து, கலக்கும்போது புகையாகக் கலைந்துபோயிருப்பார். நின்றதால் நிலைத்தார். இந்த விடுதியில் வேலைக்கு வந்த முதல் நாள் சுவரைத் துடைக்கும்போது தன்னைத் தானே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்தக் கண்ணாடியின் இடது மூலை மட்டும் தினமும் இரண்டு தடவை துடைக்கப்படுகிறது.

"அந்தத் தொப்பிக்காரரு நீங்கதானுங்களே?" என்று பொன்னாயி தாழ்ந்த குரலில் கேட்டார். ராஜகுமாரி அதற்குள் தொலைபேசிக்குப் போயிருந்தார்.

பொய் சொல்ல இது நல்ல சமயம்தான். ஃபரீத்துக்கு ஏனோ வாய் வரவில்லை. தலையை ஆட்டினார். பொன்னாயிக்கு வாயெல்லாம் பல்.

வரப்போகும் கூட்டத்தையும் அதன் இரண்டு சட்டங்களையும் அவரிடம் சொல்லிக்கொண்டே ஃபரீத் மறுபடி ஸ்டூலில் ஏறினார். புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டினார். ராஜகுமாரி வந்து பார்த்துவிட்டு, பாய்க்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் ஊதா வானத்தை நினைத்து அல்ல. பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் படத்தை ஓரம் ஓரமாகப் பாருங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். தன் படத்தில் ஒரு ஆள் நிற்பதைப் பார்க்கவில்லை. கெட்ட படத்தில் பொன்னாயி இருக்கிறார். நல்ல படத்தில் இல்லை. அப்படியென்றால் நல்ல படம் எப்படி நல்ல படமாகும்?

மூன்றாவது தடவை உட்கார்ந்தார். நிழலைத் தூக்கினால் பொன்னாயி தெரிவார், ஆனால் கூடவே தேயிலைக்குள் பல்பும் எரிய ஆரம்பிக்கும். தூக்காவிட்டால் இருட்டு. ஒரு வாரம் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த ஷமாதான் திரையைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மழை பெய்திருந்ததா என்று கேட்டாள். பெய்திருந்தது. வெளிச்சமான மூலப்படத்தில் பாதை முழுக்க ஈரம், வானம் அதில் பளபளவென்று கிடந்தது. பொன்னாயி நின்றது அந்த ஈரத்தின் மேல்தான். ஃபரீத் தேயிலையைத் தொடவில்லை. பாதையை மட்டும் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு வெளிச்சமாக்கினார். அவ்வளவுதான், கறுத்த சரிவின் நடுவே வெள்ளிப் பாதையில் இடுப்பில் கைவைத்து ஒரு பெண் எழுந்து நின்றாள். ஷமாவைக் கட்டிப்பிடிக்காத குறை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோத்தகிரியில் நல்ல வெயில். சொல்லிவைத்த மாதிரி, விடுதிக்குள் நுழைந்ததும் செலஸ்டினின் கண் சுவருக்குத்தான் போனது. அவர் சிரித்த சிரிப்பில் மற்றவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். இன்றைக்கு வேறு படமே வேண்டாம், இதைத்தான் அலசப் போகிறோம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஃபரீத் கொண்டுவந்த பெரிய பொட்டலம் செய்தித்தாள் சுற்றியபடி கதவோரம் சாய்ந்திருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பொன்னாயி தட்டில் டீ கொண்டுவந்தார். முதல் கிளாஸ் யாருக்கு என்று கேள்வி வந்தது. படம் எடுத்த புண்ணியவான் இங்கே இல்லையே, அவர் பேரைச் சொல்லிப் படத்துக்குக் கீழே வைத்துவிடுங்கள் என்றார் செலஸ்டின். அப்படியே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் கிளாஸை வைத்தார்கள். ஆவி பறந்துகொண்டிருந்தது.

பிறகு தொடங்கினார்கள். ஆள் இல்லாத தைரியம் வேறு, கேட்க வேண்டுமா? பாலகுமார் ஃபரீத்தின் குரலிலேயே, தேயிலைக்கு உள்ளார யாருங்க பல்பு போட்டது என்றார். இந்த ஜரிகையில் இரண்டு கல்யாணப் புடவை நெய்யலாம் என்றார் இன்னொருவர். இந்த வானத்துக்கு என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று மருந்துக்கடைக்காரரிடமே கேட்டார் செலஸ்டின். சிரித்துச் சிரித்துக் களைத்துப்போன பிறகு எல்லோரும் ஒருசேர ஃபரீத்தின் பக்கம் திரும்பினார்கள். பாய் இன்னும் வாய் திறக்கவில்லை. பெரிய வெடி இனிமேல்தான் இருக்கிறது.

தட்டோடு நின்ற பொன்னாயியும் அவரைப் பார்த்தார்.

ஃபரீத் எழுந்தார். மெதுவாக நடந்து சுவர்ப் பக்கம் போனார். ஸ்டூலின் மேல் இருந்த அந்த முதல் கிளாஸைக் கையில் எடுத்தார். ஊதா வானத்துக்குக் கீழே, அதே ஸ்டூலில், எல்லோரையும் பார்த்தபடி உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார்.

"பாய்..." என்றார் செலஸ்டின். பாய் பதில் சொல்லவில்லை. சட்டப்படி சொல்லக் கூடாது.

முதலில் சிரித்தது பாலகுமார்தான். அடக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சிரிப்பு. பத்து வருஷ வட்டியைச் சேர்த்து வசூலித்தார்கள். கால் மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் கிழித்தார்கள். ஃபரீத் டீயைச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் ஒன்று இறங்கிக்கொண்டே வந்தது, கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்து டீ புரையேறியது.

"நல்லது ஒண்ணு மொதல்ல சொல்லணும்னு உங்க சட்டமாம், பாய் அன்னிக்குச் சொன்னாரு. யாரும் சொல்லலீங்களே," என்றார் பொன்னாயி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மறந்துதான் போயிருந்தார்கள்.

"அப்ப நான் சொல்றேன். இதுல நான் இருக்கேன்."

அவர் போய்க் கீழ்மூலையில் விரலை வைத்துக் காட்டினார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். செலஸ்டின் இரண்டு தடவை பார்த்தார். அப்புறம் யாரும் ஜரிகையைப் பற்றிப் பேசவில்லை.

ஃபரீத் கிளாஸைக் கவிழ்த்துக் காலி என்று காட்டினார். "நான் எடுத்ததுதானுங்க. அம்மா நிக்கறதப் பாக்காம எடுத்தேன். இப்பப் பாத்து ஒண்ணு பண்ணியிருக்கேன்," என்றார். பொட்டலத்தைப் பிரித்தார்.

புதிய படம் சுவரில் ஏறியது. அதன் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. எடுத்தவர்: ஃபரீத். நிற்பவர்: பொன்னாயி. கூட்டம் கிட்டே வந்து பார்த்தது. அந்தப் பாதை எப்படி வந்தது என்று பாலகுமார் கேட்டார், ஷமாவைக் கேளுங்கள் என்றார் ஃபரீத். பொன்னாயி மட்டும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு, ஆனா மூஞ்சி பழசுலதானுங்க நல்லாத் தெரியுது என்றார். அது உண்மைதான்.

அதனால் ஊதா வானத்தை அன்று மாலையே வேனில் ஏற்றிப் பொன்னாயி வீட்டில் இறக்கினார்கள். முன்னறையில் ஒரு சுவர் முழுவதையும் அது அடைத்துக்கொண்டது. காலண்டருக்கு இடமில்லாமல் போயிற்று. வருகிறவர்களிடமெல்லாம், ஊட்டி பஜார் ஃபரீத் பாய் எடுத்த படம் என்று பொன்னாயி பெயரோடு சொல்லிக்கொண்டிருக்கிறார். ரகசியம் என்று ஒன்று இருந்ததற்கு இப்போது தடயமே இல்லை.

ஞாயிற்றுக் கூட்டத்தில் ஃபரீத்தின் வாய் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இப்போதும் பல்பும் ஜரிகையும் கிழிபடுகின்றன. ஆனால் முதலில் எழுந்து திரைக்குக் கிட்டே போய், நான்கு மூலையையும் பார்த்துவிட்டு வந்துதான் உட்காருகிறார்.

கோத்தகிரிப் பக்கம் போனால் பொன்னாயி வீட்டுக்குப் போகாமல் அவர் திரும்புவதில்லை. பொன்னாயி டீ கொடுப்பார். அந்தக் கத்திரிக்காய் வானத்துக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவார் ஃபரீத். கிளாஸ் காலியாகும் வரை ஒரு வார்த்தை பேச மாட்டார்.